மூன்றாம் தரப்பு: லினக்ஸ் கணனியில் வெளியார் மென்பொருளின் கதை

தொண்ணூறுகளில் எமது சஞ்சிகைகளுக்குக் கட்டுரை அனுப்பியவர்களுக்கு இது ஞாபகமிருக்கும். கட்டுரையைக் கணனியில் தட்டி, பிளொப்பியில் ஏற்றித் தபாலில் போடும்போது அதே பிளொப்பியில் எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவோம். பாமினியில் தட்டிய கட்டுரையைப் பாமினி இல்லாத கணனியில் திறந்தால் வருவது தமிழல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குப்பை. எழுத்துருவை வைக்க மறந்தவருக்கு அடுத்த கிழமை தொலைபேசி வரும். அவர் அனுப்பிய கோப்பில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது தனியே நிற்க முடியாத கோப்பு.

லினக்ஸ் இயங்குதளத்தில் வெளியிலிருந்து ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து நிறுவுவது ஏன் முப்பது வருடங்களுக்கு மேலாகத் தீராத சச்சரவாக இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தப் பிளொப்பியே போதும். எந்த மென்பொருளும் தனியே நிற்பதில்லை. திரையில் சாளரம் வரைவதற்கு ஒன்று, எழுத்தைக் காட்டுவதற்கு ஒன்று, படத்தை விரிப்பதற்கு ஒன்று என்று பிறர் எழுதிய பல நிரலகங்களில் அது தங்கியிருக்கிறது. அவற்றை யார் கொடுப்பது? எழுதியவர் தன் மென்பொருளோடு சேர்த்துக் கட்டி அனுப்புவதா? அல்லது இயங்குதளத்தைத் தொகுத்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை வைத்திருப்பதா? வெறும் தொழில்நுட்பக் கேள்வி போலத் தோன்றும் இது, எழுதுபவருக்கும் பாவிப்பவருக்கும் நடுவில் யார் நிற்பது என்ற கேள்வியாகவும் இருந்து வந்திருக்கிறது. பொதியின் வடிவம் பற்றி நடந்த சண்டைகளில் பெரும்பகுதி இந்த இடத்துக்கான சண்டை என்பதே என் கருத்து.

இந்தத் துறையில் வெளியார் மென்பொருளை 'மூன்றாம் தரப்பு' மென்பொருள் என்கிறார்கள். எங்கள் காதுக்கு மூன்றாம் தரப்பு என்றால் மத்தியஸ்தம் செய்ய வருபவர், அனேகமாக நோர்வேயிலிருந்து. இங்கே பொருள் வேறு. முதற் தரப்பு இயங்குதளத்தைத் தொகுத்தவர், இரண்டாம் தரப்பு பாவனையாளர், மற்ற எல்லோரும் மூன்றாம் தரப்பு. ஒரு மென்பொருளை இரவு பகலாக இருந்து எழுதியவரும் இந்தக் கணக்கில் மூன்றாம் தரப்புத்தான்.

இந்த நிலை எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1991 ஓகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்தது ஒரு கருநிரலை மட்டுமே. கருநிரலை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒரு கடிதங்கூட எழுத முடியாது. மற்றவை எல்லாம் குனு திட்டத்திலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் வரவேண்டும். அவற்றைத் தேடி எடுத்து, மூலநிரலிலிருந்து கட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து தருபவர்கள் தோன்றினார்கள். அவர்கள் தந்த தொகுப்புகளுக்கு வழங்கல் என்று பெயர். 1992இல் வந்த எஸ்.எல்.எஸ். என்ற வழங்கல் பலராலும் பாவிக்கப்பட்டது. அதில் குறைகளும் அதிகம். அதைத் திருத்தப் போய் 1993 யூலையில் பற்றிக் வோல்கர்டிங் 'ஸ்லக்வெயர்' வழங்கலை வெளியிட்டார். அதே எரிச்சலில், அடுத்த மாதமே, அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மேர்டொக் 'டெபியன்' திட்டத்தை அறிவித்தார்.

ஒரே எரிச்சலிலிருந்து வந்த இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின. ஸ்லக்வெயரின் பொதி என்பது சுருக்கிக் கட்டிய கோப்புகளின் மூட்டை. அது எதில் தங்கியிருக்கிறது என்று ஸ்லக்வெயர் கேட்பதில்லை, இன்றைக்கும் கேட்பதில்லை. பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. டெபியனிலோ ஒவ்வொரு பொதிக்கும் பெயர் தெரிந்த ஒரு பராமரிப்பாளர் இருந்தார். பொதிக்குள் இருக்கும் சீட்டில் இது எந்தெந்தப் பொதிகளில், எந்தப் பதிப்பில் தங்கியிருக்கிறது என்று எழுதப்பட்டது. 1995இல் ரெட் ஹற் நிறுவனமும் ஆர்.பி.எம். என்ற தன் பொதி வடிவத்தை இதே எண்ணத்தில் கொண்டுவந்தது.

சீட்டு எழுதியாகிவிட்டது. ஆனால் சீட்டில் உள்ளதைத் தேடி எடுப்பது யார்? அது பாவனையாளரின் தலையில் விழுந்தது. அக்காலத்தில் பழைய கணனியொன்றில், சஞ்சிகையோடு இலவசமாக வந்த இறுவட்டிலிருந்து லினக்ஸை ஏற்றி, பாட்டுக் கேட்க ஒரு மென்பொருளை நிறுவ முயன்ற அனுபவம் எனக்கு உண்டு. அது ஒரு நிரலகத்தைக் கேட்டது. அதைத் தேடி எடுத்தால் அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்றின் புதிய பதிப்பைப் போட்டால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேறொன்று நின்றது. இந்த நாடுகளுக்கு வந்த புதிதில் அறை வாடகைக்கு எடுக்கப் பதிவுத்தாள் கேட்டார்கள், பதிவு செய்யப் போனால் அறையின் முகவரி கேட்டார்கள். அதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இருந்திராது. ஆங்கிலத்தில் இதற்கு நரகம் என்றே பெயர் வைத்தார்கள்: சார்பு நரகம்.

அந்த நரகத்தை மூடியது டெபியனின் 'அப்ற்' என்ற கருவி. 1998இல் வெளிவந்து, 1999 மார்ச்சில் டெபியன் 2.1 உடன் எல்லோர் கைக்கும் வந்தது. ஒரு கட்டளையில் பொதியின் பெயரைத் தட்டினால் அது தங்கியிருக்கும் எல்லாவற்றையும் தானே கணக்கிட்டு, டெபியனின் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, ஒழுங்காக நிறுவிவிடும். அழிக்கச் சொன்னால் தடயமில்லாமல் அழிக்கும். வின்டோஸ் பாவிப்பவர்கள் எங்கெங்கோ இருந்து நிறுவிகளை இறக்கி, அவற்றோடு வேண்டாத சரக்கையும் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது இருந்தது. கைப்பேசிகளில் வந்த மென்பொருட் கடைகளுக்குப் பத்து வருடங்கள் முந்தியது. இதற்குக் கடைக்காரரும் இல்லை, விலையும் இல்லை. லினக்ஸ் இத்துறைக்குச் செய்த மிகப்பெரிய பங்களிப்பு பொதி முகாமைத்துவமே என்று 2007இல் மேர்டொக் எழுதினார். அதில் மிகையில்லை. 1996இல் வந்த டெபியன் 1.1இல் 474 பொதிகள் இருந்தன. 2023இல் வந்த டெபியன் 12இல் 64,000இற்கு மேல். இதில் பெரும்பகுதி சம்பளம் வாங்காதவர்களின் உழைப்பு. இந்தக் கட்டுரையில் டெபியன் மீது சில விமர்சனங்கள் வரும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விமர்சனம் இதுதான். களஞ்சியம் சிறப்பாக இருந்ததனாலேயே, களஞ்சியத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு என்பதை வழங்கல்கள் மறந்தன. உள்ளே இருப்பது கட்டளையொன்றில் வரும். வெளியே இருப்பது வராது. உள்ளே வரவேண்டுமானால் வழங்கலின் பராமரிப்பாளர் ஒருவர் விரும்பி ஏற்கவேண்டும், அதன் விதிகளுக்கு அமையவேண்டும், அடுத்த வெளியீடு வரை காத்திருக்கவேண்டும். டெபியனின் நிலையான பதிப்பு அண்மைக் காலங்களில் ஏறத்தாழ இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர, அதற்குள் உறைந்த மென்பொருள் அப்படியே உறைந்திருக்கும்.

எழுதியவர்களுக்கு இது எப்படியிருந்தது என்பதற்கு எக்ஸ்ஸ்கிரீன்சேவர் நல்ல உதாரணம். திரையைப் பூட்டும் இந்த மென்பொருளை ஜேமி சவின்ஸ்கி 1992 முதல் எழுதி வருகிறார். டெபியனின் நிலையான பதிப்பில் உறைந்திருந்த பழைய பதிப்பின் வழுக்களை அவர் எப்போதோ திருத்திவிட்டார். ஆனால் முறைப்பாடுகள் டெபியனுக்குப் போவதில்லை; பெயர் தெரிந்த எழுத்தாளருக்கே வந்தன. சலித்துப்போன அவர், பதிப்பு மிகப் பழையதாகிவிட்டால் அதைப் பாவனையாளருக்குச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தார். 2016இல் அந்த எச்சரிக்கை டெபியன் பாவனையாளர்களின் திரைகளில் வரத்தொடங்கியபோது பெரும் வாக்குவாதம் எழுந்தது. எச்சரிக்கையை வெட்டியெறிய உரிமம் இடங்கொடுத்தது. எழுதியவரோ, அப்படிச் செய்வதைவிட என் மென்பொருளையே உங்கள் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். சட்டப்படி ஒருவர் சரி, நியாயப்படி மற்றவர் சரி என்று பிரித்துவிடலாம்தான். ஆனால் பழைய பதிப்பை மாற்றாமல் வைத்திருப்பதைத்தானே டெபியனை நம்பி நிறுவனங்கள் நடத்துபவர்கள் கேட்கிறார்கள்?

ஃபயர்ஃபொக்ஸின் கதை இதற்கு மறுபுறம். நாங்கள் திருத்திய நிரலுக்கும் உங்கள் பெயரையே வைப்போம் என்றது டெபியன். எங்கள் அனுமதியில்லாமல் திருத்தினால் எங்கள் பெயரையும் சின்னத்தையும் பாவிக்க முடியாது என்றது மொஸில்லா. விளைவாக 2006இலிருந்து பத்து வருடங்கள் டெபியனில் ஃபயர்ஃபொக்ஸ் 'ஐஸ்வீசல்' என்ற புனைபெயரில் வாழ்ந்தது. 2016இல்தான் சொந்தப் பெயருக்குத் திரும்பியது.

பெயரோடு போனால் பரவாயில்லை. 2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், சோதனைக் கருவியொன்று காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காக ஒரு மாற்றம் செய்யப்பட்டது. மறைகுறியீட்டுச் சாவிகளை உண்டாக்கத் தேவையான எழுமாற்றுத் தன்மை அதோடு ஏறக்குறைய இல்லாமற் போனது. ஒரு வகைச் சாவிக்கு, ஒரு நீளத்துக்கு, ஏறத்தாழ 32,000 சாவிகளே சாத்தியம் என்றாயிற்று. ஒரு கணனி உட்கார்ந்து எண்ணிவிடக்கூடிய தொகை. 2008 மே மாதம் வெளியே தெரியவரும் வரை, உலகெங்கும் டெபியனிலும் உபுண்டுவிலும் உண்டாக்கப்பட்ட சாவிகள் அப்படியே இருந்தன. கெட்ட எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. எழுதியவருக்கும் பாவிப்பவருக்கும் நடுவில் நிற்கும் கை, நல்ல கையாக இருந்தாலும், ஒரு கைதான்.

எனவே அந்தக் கையைத் தாண்டிப்போக முயற்சிகள் வந்தன. அவற்றுள் முதலில் நின்றது ஒரு விளையாட்டு நிறுவனம். 1998இல் ஸ்கொற் டிரேக்கர் தொடங்கிய லோக்கி நிறுவனம் வின்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்றது. மூலநிரலைக் கொடுக்க முடியாத வணிகச் சரக்கு என்பதால் எந்தக் களஞ்சியமும் அதற்குப் பொருந்தாது. ஆகவே எல்லா வழங்கல்களிலும் ஓடக்கூடிய, படம் காட்டிக் கேள்வி கேட்கும் நிறுவியொன்றைத் தானே எழுதியது. 2002 ஜனவரியில் கடையை மூடிவிட்டது. நிறுவி மட்டும் சில காலம் பிறர் கைகளில் உயிரோடிருந்தது.

வழங்கல்களையெல்லாம் ஒரு நியமத்துக்குள் கொண்டுவரலாம் என்று நம்பியவர்கள் 2001இல் லினக்ஸ் அடிப்படை நியமத்தின் முதலாவது பதிப்பை வெளியிட்டார்கள். எந்த நிரலகங்கள் எல்லா வழங்கல்களிலும் இருக்கவேண்டும் என்று அது சொன்னது. பொதி வடிவமாக ரெட் ஹற்றின் ஆர்.பி.எம்மைத் தேர்ந்தது. டெபியனும் அதன் வழிவந்த வழங்கல்களும் பொதி மாற்றியொன்றை இடையில் வைத்துச் சமாளித்தன. சர்வதேச நியமம் என்ற அந்தஸ்துக்கூட அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்த நியமத்தை நம்பி மென்பொருள் வெளியிட்டவர்கள் மிகச் சிலரே. 2015இல் டெபியன் அதைக் கைவிட்டபோது பெரிதாக எவரும் கவலைப்படவில்லை.

மைக் ஹேர்ன் தொடங்கி 2005இல் முதலாம் பதிப்பைக் கண்ட 'ஓட்டோபக்கேஜ்' இவற்றைவிடத் துணிச்சலானது. எழுதியவர் ஒரே ஒரு பொதியைக் கட்டினால் போதும், எந்த வழங்கலிலும் நிறுவலாம் என்பது அதன் வாக்குறுதி. அது விழுந்ததற்குக் காரணம், வழங்கலின் பொதிக் கருவி எழுதும் அதே அடைவுகளுக்குள், அதற்குத் தெரியாமல், தானும் எழுதியது. ஒரு கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒருவர் கொப்பி மற்றவருக்குத் தெரியாது. வழங்கல்காரர்கள் அதை வெறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வெறுப்பில், வெளியாருக்கு வழியே தேவையில்லை, எல்லோரும் களஞ்சியத்துக்குள் வாருங்கள் என்ற தொனியும் இருந்ததை மறைக்கத் தேவையில்லை.

சைமன் பீற்றர் 2004இல் தொடங்கிய 'கிளிக்' வேறு பாதையில் போனது. நிறுவுவதே வேண்டாம் என்றார் அவர். ஒரு மென்பொருள், ஒரு கோப்பு. தேவையான நிரலகங்கள் எல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே. இறக்கி, ஓட அனுமதி கொடுத்துச் சொடுக்கினால் ஓடும். வேண்டாவிட்டால் கோப்பை அழித்தால் போதும். பிளொப்பியோடு பாமினியை அனுப்பிய எங்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. இதுவே பின்னர் 'அப்இமேஜ்' ஆனது.

இடையில் ஒரு சமரசமும் வந்தது. 2004இல் தோன்றிய உபுண்டு, 2007இல் எவரும் தமக்கென ஒரு தனிக் களஞ்சியம் திறக்க வசதி செய்தது. இலட்சக்கணக்கானோர் பாவித்தார்கள். ஆனால் அந்தக் களஞ்சியமொன்றைச் சேர்ப்பதென்பது, முகம் தெரியாத ஒருவருக்கு உங்கள் கணனியின் முழு நிர்வாக உரிமையையும் கொடுப்பது. இதைப் பெரும்பாலானோர் யோசித்ததாகத் தெரியவில்லை.

2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் போட்லன்ட் நகரில் நடந்த டெபியன் மாநாட்டில், கேள்வி பதில் நேரத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த விடயத்தைப் போட்டு உடைத்தார். சுழியோடுபவர்களுக்காக 'சப்சர்ஃபஸ்' என்ற மென்பொருளை 2011இல் எழுதத் தொடங்கியவர் அவர். அதை வின்டோஸுக்கும் மக்கின்ரொஷுக்கும் கட்டி வெளியிடுகிறோம், லினக்ஸுக்கு மட்டும் கட்டுவதில்லை என்றார். ஒவ்வொரு வழங்கலுக்கும், அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே கட்டிக்கொண்டிருக்க ஆளில்லை. லினக்ஸை உருவாக்கியவரே லினக்ஸில் மூன்றாம் தரப்பாகி நின்ற காட்சி அது. அடுத்த வருடம் சப்சர்ஃபஸ் அப்இமேஜ் வடிவில் கிடைத்தபோது அவர் வெளிப்படையாகவே மகிழ்ந்தார்.

2016இல் இரண்டு பதில்கள் ஒன்றாக வந்தன. உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனத்தின் 'ஸ்னாப்', உபுண்டு 16.04 உடன் வந்தது. ரெட் ஹற்றில் வேலைசெய்த அலெக்சாண்டர் லார்சன் தொடங்கிய 'ஃபிளற்பக்' அந்த வருடம் அந்தப் பெயரைப் பெற்றது. இரண்டினதும் அடிப்படை ஒன்றே. மென்பொருள் தனக்கு வேண்டியதைக் கூடவே கொண்டுவரும், அல்லது பல மென்பொருள்கள் பகிரும் ஒரு பொது அடித்தளத்தின்மேல் நிற்கும். வழங்கலின் நிரலகங்களைத் தொடாது. அத்தோடு அது ஓர் அடைப்புக்குள் ஓடும். உங்கள் கோப்புகளையோ கமராவையோ தொடவேண்டுமானால் அனுமதி வேண்டும். ஓட்டோபக்கேஜ் காலத்துக் கேள்வியான 'வெளியாரை எப்படி நம்புவது' என்பதற்கு, நம்பவேண்டியதில்லை, அடைத்துவைக்கலாம் என்பது பதில். நடைமுறையில் பல மென்பொருள்கள் அகலமான அனுமதிகளோடுதான் வருகின்றன. அடைப்பின் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. இடமும் அதிகம் பிடிக்கும். ஆயினும் ஒருமுறை கட்டினால் எல்லா வழங்கல்களிலும் ஓடும் என்ற பழைய வாக்குறுதி இம்முறை பெருமளவு நிறைவேறியது.

ஆனால் நடுவில் நின்றவர் போய்விட்டாரா? இல்லை, இடம் மாறினார். ஸ்னாப்பின் கருவி திறந்த மூலநிரல். அதை விநியோகிக்கும் கடையின் நிரலோ மூடியது, கடையும் ஒன்றே, அது கனோனிக்கலுடையது. 2018 மே மாதம் அந்தக் கடையிலிருந்த ஒரு விளையாட்டுக்குள் மறைநாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது பிடிபட்டது. உபுண்டுவில் குரோமியம் உலாவியை அப்ற் மூலம் கேட்டால் ஸ்னாப் வந்திறங்கும்படி செய்யப்பட்டதை எதிர்த்து, உபுண்டுவின்மேல் கட்டப்படும் லினக்ஸ் மின்ற் 2020இல் ஸ்னாப்பை முன்னிருப்பாகவே தடைசெய்தது. ஃபிளற்பக்கில் எவரும் களஞ்சியம் திறக்கலாம். ஆயினும் சனம் போவது ஃபிளற்ஹப் என்ற ஒன்றுக்குத்தான்.

பழைய காவலர்களைத் தூக்கியெறியச் சொல்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். எக்ஸ்செற் என்ற சிறிய சுருக்கு நிரலகத்தில், இரண்டு வருடங்களுக்கு மேலாக உதவிசெய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், பிற கணனிகளுக்குள் நுழைய ஒரு களவு வாசலை வைத்தார். உள்நுழைவு அரைச் செக்கனளவு தாமதிப்பதைக் கவனித்த அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் என்ற மென்பொருளாளர் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு வந்திருந்தது. நிலையான பதிப்பை எட்டவில்லை. சவின்ஸ்கியைச் சலிக்க வைத்த அதே தாமதம் இங்கே கேடயமாயிற்று. ஆனால் அந்த வாசல் திறக்க வழிசெய்ததும் வழங்கல்கள் ஓபன்எஸ்எஸ்ஹெச் நிரலில் தாமாகச் செய்திருந்த ஒரு சிறு மாற்றமே. எந்தக் கட்சிக்கும் இந்தச் சம்பவம் முழுமையாகச் சொந்தமில்லை.

2025 பெப்ரவரியில் பழைய சண்டை புது உடுப்பில் வந்தது. நேரலை ஒளிபரப்புக்குப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளை எழுதுபவர்கள் தாமே ஃபிளற்ஹப்பில் அதை வெளியிடுகிறார்கள். ஃபெடோரா வழங்கலோ தன் சொந்த ஃபிளற்பக் களஞ்சியத்துக்காக அதைத் தானும் கட்டி, தன் மென்பொருட் கடையில் முன்னுக்கு வைத்திருந்தது. அந்தக் கட்டு சரியாக ஓடவில்லை. முறைப்பாடுகள் வழமைபோல எழுதியவர்களுக்கே வந்தன. எங்கள் பெயரையும் சின்னத்தையும் எடுங்கள், இல்லாவிட்டால் சட்ட நடவடிக்கை என்றார்கள். சில நாட்களில் பேசித் தீர்த்து, ஃபெடோரா தன் கட்டைக் கைவிட்டது. பொதி வடிவம் இருதரப்புக்கும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். வடிவம் பற்றிய சண்டை முடிந்த பிறகும் ஐஸ்வீசல் காலத்துச் சண்டை முடியவில்லை.

போன மாதம் ஒரு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். கலியாணங்களையும் செத்தவீடுகளையும் ஊரிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர்கள் பார்க்கும்படி நேரலையில் விடுபவர். லினக்ஸ் கணனியில் அதே ஓபிஎஸ் கடைத் திரையில் இரண்டு தடவை வருகிறது, பதிப்பு எண்ணும் வேறு, எதைப் போடுவது என்று கேட்டார். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வெளியிட்டவர் யாரென்று இருக்கும், அதை வாசியுங்கள் என்றேன். வாசித்தார். எழுதியவர்களே வெளியிட்டதைப் போட்டுக்கொண்டார்.